மேல்வீட்டுத் தண்ணீர், கீழ்வீட்டுக் கூரை: எந்த வேலைக்குப் பணம் போடலாம்?

கூரை ஒழுகுகிறது என்று நான்கு பேரிடம் சொல்லிப் பாருங்கள். நான்கு பூச்சுகளின் பெயரும் நான்கு கொத்தனார்களின் தொலைபேசி எண்ணும் உடனே கைக்கு வந்துவிடும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று திருப்பிக் கேட்பவர் அபூர்வம். ஒருவர் தலைக்கு மேல் இன்னொருவர் குளிக்கும் அடுக்குமாடியில் அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இறைக்கும் பணம் அத்தனையும் வீண்.

சென்னையின் பழைய மூன்று மாடிக் குடியிருப்புகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு, அண்ணா நகர் என்று 1980களிலும் 1990களிலும் எழும்பிய, ஆறிலிருந்து பன்னிரண்டு வீடுகள் வரை கொண்ட கட்டடங்கள். லிஃப்ட் இருக்காது, சங்கம் இருக்கும். சங்கத்தின் கையிருப்பு மோட்டார் பழுதுக்கும் காவலாளி சம்பளத்துக்குமே சரியாகப் போய்விடும். புதிய உயர்மாடிகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும், ஒரே ஒரு வேறுபாட்டோடு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுகும் வீட்டுக்குள் நின்றுகொண்டு செய்யும் எந்த வேலையும் தவணை வாங்குவதுதான். தண்ணீர் நுழைகிற பக்கத்தில் செய்வதுதான் தீர்வு. அடுக்குமாடியில் அந்தப் பக்கம் பெரும்பாலும் உங்களுடையதாக இருக்காது என்பதால், எந்தப் பொருளை வாங்குவது என்பதைவிட யாருடைய தரையை உடைப்பது, அதற்கு அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி.

முதலில் வழியைக் கண்டுபிடியுங்கள்

மழை பெய்தால் மட்டும் ஒழுகி, வெயில் அடித்த சில நாட்களில் காய்ந்துவிட்டால் மொட்டை மாடி, வெளிச்சுவர் விரிசல், மழைநீர் வடிகுழாய் இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். மழையே இல்லாத ஏப்ரலிலும் ஈரம் மாறாமல் ஒரே அளவில் இருந்தால் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் நல்ல தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். மோட்டார் ஓடி முடிந்த பிறகு மட்டும் கசிந்தால் மேல்நிலைத் தொட்டி வழிகிறது. மேல்வீட்டார் ஊரில் இல்லாதபோது நின்று, அவர்கள் திரும்பியதும் தொடங்கினால் குளியலறைத் தரையோ கழிவுக் குழாயோ காரணம். மேல்வீட்டார் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவது இந்த விஷயத்தில் பெரிய உபகாரம். அந்த நாட்களில் கூரைக் கறையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தினமும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் பேச்சுவார்த்தைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இதற்கு மேல் துல்லியம் வேண்டுமானால் தண்ணீர் கட்டிப் பார்க்கவேண்டும். குளியலறை வடிகாலைத் துணியாலும் பிளாஸ்டிக் உறையாலும் அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விடுவது. தண்ணீர் நிற்கும்போதே கீழே ஈரம் கூடினால் தரை. நிற்கும்போது ஒன்றும் ஆகாமல், அடைப்பை எடுத்துத் தண்ணீர் இறங்கும்போது சொட்டினால் வடிகால் கிண்ணமோ அதற்குக் கீழே ஓடும் குழாயோ. எந்தக் குழாய் என்று தெரியவேண்டுமானால் சொட்டு நீலம் போதும்.

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடி மாமி, தன் வீட்டுத் தண்ணீர்தான் கீழே ஒழுகுகிறது என்பதை ஒப்புக்கொள்ளவே இல்லை. “எங்கள் பாத்ரூம் காய்ந்து கிடக்கிறது, வந்து பாருங்கள்” என்பார். உண்மையிலேயே தரை காய்ந்துதான் கிடந்தது. வந்த பிளம்பர் கெட்டிக்காரர். ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலத்தைக் கலக்கி, தரையை விட்டுவிட்டு வாஷ்பேசினில் ஊற்றினார். கீழே முதல் மாடியில் ஸ்டீல் தட்டை ஏந்திக்கொண்டு நாங்கள் நின்றோம். முதலில் விழுந்த சொட்டுகள் பழுப்பாக இருந்தன. ஒரு காப்பி குடித்து முடிக்கும் நேரம் கழித்து விழுந்த சொட்டில் வெளிர் நீலம் தெரிந்தது. மாமியே இறங்கி வந்து தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, “சரி, எத்தனை ஆகும்?” என்றார். பேசினிலிருந்து தரைக்குள் இறங்கும் குழாயின் இணைப்பு விலகியிருந்தது. தரை முழுவதையும் உடைக்க ஏற்கெனவே ஒரு கொத்தனார் கொடுத்திருந்த மதிப்பீடு அன்றோடு செல்லாமல் போனது. பேசின் கீழே கையகலத்துக்கு உடைத்ததோடு வேலை முடிந்தது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். கான்கிரீட் தளத்துக்குள் மின்கம்பி செல்லும் குழாய்கள் புதைந்திருக்கின்றன. ஏதோ ஒரு மூலையில் நுழைந்த தண்ணீர் அந்தக் குழாய் வழியே நடந்து, நடுக்கூடத்து மின்விசிறிக் கொக்கியில் வந்து சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே விரிசலைத் தேடுவது பல நேரம் ஏமாற்றத்தில் முடியும். விளக்கு மாட்டும் இடத்தில் ஈரம் கண்டால் ஆராய்ச்சியை ஒத்திவைத்து முதலில் அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

மொட்டை மாடி

மேல்தளத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் ஆலோசனைகள் ஐந்து வகையில் அடங்கும்: ஓடுகளுக்கு இடையிலுள்ள சந்துகளை அடைத்துப் பூச்சு அடிப்பது, தார் மெம்பிரேன் ஒட்டுவது, மாடித் தரையில் பதித்த பழைய தட்டை ஓட்டை, அதாவது தட்டோட்டை, பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பதிப்பது, பழையதன் மேலேயே புது ஓடு பதிப்பது, எல்லாவற்றுக்கும் மேலே தகரக் கூரை போடுவது.

எதைத் தேர்வது என்று பார்க்குமுன் உங்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும். பழைய சென்னைக் கட்டடங்களில் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். அந்தக் காலத்தில் சுண்ணாம்பில் கடுக்காய் ஊறிய தண்ணீரையும் வெல்லத்தையும் சேர்த்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். சுண்ணாம்பு வெயிலுக்கு விரிந்து சுருங்கும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பின்னாளில் அவசரத்துக்குச் சிமெண்டைப் போட்டார்கள். சிமெண்ட் வளையாது, வெடிக்கும். ஓட்டுச் சந்துகளில் மயிரிழை விரிசல் விழுந்து, அதில் இறங்கும் மழைநீர் ஜல்லிக்குள் போய்த் தங்கிவிடுகிறது. மழை நின்று பல நாட்கள் கழித்தும் கூரையில் ஈரம் ஏறுவது இதனால்தான். மேலே பார்த்தால் மாடி காய்ந்து கிடக்கும்.

ஆகவே முதலில் இரண்டு பரிசோதனைகள். ஒரு கட்டையால் ஓடுகளைத் தட்டிக்கொண்டே போங்கள். அடியில் பிடிப்பு விட்ட ஓடு பொள்ளலாகச் சத்தம் தரும். அடுத்து, நல்ல மழை விட்ட ஒரு மணி நேரத்தில் மாடிக்குப் போய்த் தண்ணீர் தேங்கி நிற்கும் குட்டைகளைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம், அதாவது சரிவு, இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். 1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் ஏறக்குறைய 930 லிட்டர். அத்தனை தண்ணீர் இரவெல்லாம் உட்கார்ந்து ஒரு விரிசலைத் தேடினால் கண்டுபிடிக்காமல் விடாது. இப்படிச் சரிவு போய்த் தண்ணீர் தேங்கினால், வாட்டம் செத்துவிட்டது என்று கொத்தனார்கள் சொல்வார்கள். வாட்டம் செத்த மாடிக்கு எந்தப் பூச்சு அடித்தாலும் காசைக் கரைப்பதுதான்.

ஓடுகள் பெரும்பாலும் பிடிப்போடு இருந்து, வாட்டமும் உயிரோடு இருந்தால் முதல் வழியே போதும். சந்துகளைச் சுரண்டி, புதுக் கலவையால் அடைத்து, இடையில் நார்வலை வைத்து அக்ரிலிக் பூச்சு இரண்டு மூன்று கை அடிப்பது. செலவு சதுர அடிக்குச் சில பத்து ரூபாய்களில் முடியும். வெள்ளைப் பூச்சாக இருந்தால் மேல்தளத்து வீட்டுக்கு வெக்கையும் குறையும். சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி அடிக்கவேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டு செய்தால் இது நல்ல வழி. பத்து வருட உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதே குடும்பத்தில் பாலியூரிதேன் பூச்சு விலை கூடியது. ரப்பர்போல இழுபடுவதால் விரிசல் அசைந்தாலும் கிழியாது. ஆனால் பூசும் இடம் எலும்பாகக் காய்ந்திருக்கவேண்டும். ஈரம் உறிஞ்சிய ஜல்லிக்கு மேல் எந்தப் பூச்சை அடித்தாலும் வெயில் ஏறியதும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, பூச்சு அப்பளம்போல உப்பிவிடும். தெருவுக்குத் தெரு இதைப் பார்க்கலாம்.

மெம்பிரேன் என்பது மூன்று நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள தார்ச் சுருள். எரிவாயுத் தீக்கொழுந்தால் அடிப்பக்கத்தை உருக்கி, ஒன்றன் மேல் ஒன்று நான்கு அங்குலம் ஏறும்படி ஒட்டுவார்கள். பொருளாக எனக்கு இதில் குறையே இல்லை. குறை நம் மாடிகளில் இருக்கிறது. கொடிக்கம்பி, தண்ணீர்த் தொட்டியின் கால்கள், சூரிய மின்தகடு, டிஷ் ஆன்டெனா, எப்போதோ அடித்த பந்தல்கால் துளை எல்லாவற்றையும் சுற்றி வெட்டி ஒட்டவேண்டும். ஒவ்வொரு வெட்டும் ஒரு புது வாசல். வடகம் காயப்போட ஏறுபவர்கள், தொட்டி கழுவ வருபவர்கள், தீபாவளிக்கு ராக்கெட் விடும் பிள்ளைகள் எல்லோரும் அதன் மேல்தான் நடப்பார்கள். மேலே ஒரு காப்புத்தளம் போடாமல் திறந்தபடி விட்ட மெம்பிரேனுக்கு நம் ஊரில் ஆயுசு குறைவு. ஆள் ஏறாத கூரைக்கும், புது ஓட்டுக்கு அடியில் வைப்பதற்கும்தான் இது சரி.

பழையதைப் பெயர்த்துப் புதிதாகச் செய்வதுதான் வாட்டம் செத்த மாடிக்கு உள்ள ஒரே நேர்மையான வழி. செலவு சதுர அடிக்கு நூறு ரூபாயைத் தாண்டிவிடும். குப்பையை மூன்று மாடி இறக்கி லாரியில் ஏற்றும் கூலியே பலரைத் திகைக்க வைக்கும். ஆனால் பெயர்த்த பிறகுதான் கான்கிரீட் தளத்தைக் கண்ணால் பார்க்க முடிகிறது. விரிசலைத் திறந்து அடைத்து, தளத்தின் மேலேயே நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்து, கைப்பிடிச் சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் உருட்டிவிட்டு, பூச்சைச் சுவரில் ஓரடி ஏற்றி, தண்ணீர் கட்டிச் சோதித்து, அதற்கு மேல் வாட்டம் பார்த்து ஜல்லிக் கலவை போட்டு ஓடு பதிக்கவேண்டும். இந்த வரிசையில் தண்ணீர் கட்டிச் சோதிப்பதைத்தான் எல்லோரும் விடுவார்கள். விடக் கூடாதது அதுதான்.

பழைய ஓட்டின் மேலேயே புது ஓடு என்பது ஒப்பந்தக்காரர்கள் ஆசையோடு சொல்லும் யோசனை. பெயர்க்கும் கூலி மிச்சம், மூன்றே நாளில் முடியும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். அதில் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குக் கலவையும் ஓடும் சேர்ந்தால் ஒன்பது டன்னுக்கு மேல் வரும். சதுர மீட்டருக்கு 100 கிலோ. ஆட்கள் ஏறி நடமாடும் தட்டைக் கூரையில் மனிதர், பொருள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்தியத் தர நிர்ணயம் ஒதுக்கியிருக்கும் பளுவே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். முப்பது வருடம் ஈரத்தில் ஊறிய தளத்தின் தலையில் இதை ஏற்றுவதற்கு ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள். அடியில் ஊறிக் கிடக்கும் ஜல்லியை இரண்டு ஓட்டுக்கு நடுவே சிறைவைப்பது வேறு.

தகரக் கூரைக்கு ஆதரவாளர்கள் அதிகம். மழையும் வெயிலும் தளத்தில் படுவதே இல்லை. துணி காயப்போடலாம், பிறந்தநாள் கொண்டாடலாம். மேல்தளத்து வீட்டின் சூடு உண்மையாகவே குறையும். ஆனால் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு வந்ததை நினைத்துப் பாருங்கள். அந்தக் காற்றில் பெயர்ந்து போனவற்றில் மொட்டை மாடித் தகரங்களும் உண்டு. தூண்களை நிறுத்தத் தளத்தில் துளையிட்டு போல்ட் இறக்குவார்கள். சாரல் அடிக்கும்போது அந்தத் துளைகளே புதிய ஒழுகல். கட்டட அனுமதி விவகாரம் ஒன்று. சூரிய மின்தகடு வைக்க நினைத்திருந்தால் இடம் போவது இன்னொன்று. மறுகட்டுமானத்துக்குப் போகப்போகும் கட்டடத்தில், நான்கைந்து மழைக்காலத்தைத் தள்ளவேண்டும் என்றால் மட்டும் இதைத் தேர்வேன்.

எந்த வழியானாலும் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவே வேலையை முடித்துவிடுங்கள். சென்னையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டினாலும், ஜூன் பிறந்தால் மாலை இடிமழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. செப்டம்பரில் ஆள் தேடினால் கூலி ஏறியிருக்கும், தளம் காய்ந்திருக்காது. கூடவே, செலவே இல்லாத ஒரு வேலை: வடிகுழாய் வாயில் சேர்ந்த சருகையும் பிளாஸ்டிக்கையும் அள்ளுவது, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுப்பது. ஒழுகுகிறது என்று அழைத்துப்போன மாடிகளில் பாதிக்கு இதுவே மருந்தாக இருந்திருக்கிறது.

குளியலறை

இங்கேதான் தண்ணீரோடு மனிதர்களும் கலக்கிறார்கள். சென்னைக் கட்டடங்களில் குளியலறைத் தளத்தை மற்ற அறைகளைவிட ஓரடி வரை பள்ளமாக வார்த்து, அதற்குள் கழிவுக் குழாய்களை ஓடவிட்டு, செங்கல் துண்டும் மண்ணும் போட்டு நிரப்பி மேலே டைல்ஸ் பதித்திருப்பார்கள். சங்கன் ஸ்லாப் என்று கொத்தனார் முதல் பொறியாளர் வரை எல்லோரும் சொல்வது இதைத்தான். குழாய் இணைப்பு ஒன்று விலகினாலோ, டைல்ஸ் சந்தில் தண்ணீர் இறங்கினாலோ அந்தப் பள்ளம் மெதுவாக நிரம்பும். நிரம்பிய தொட்டி ஒன்று உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. மேல்வீட்டாருக்கோ தரை காய்ந்தே தெரிகிறது. இரண்டு தரப்பும் பொய் சொல்லாமலே சண்டை போடுவது இதனால்தான்.

உடைக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டைல்ஸ் சந்துகளில் இருக்கும் பழைய சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி என்னும் பிசின் கலவையை நிரப்புவது. வடிகால் கிண்ணத்தைச் சுற்றியும், கழிப்பறைக் கோப்பை தரையில் உட்காரும் இடத்தையும் அடைப்பது. ஒரே நாளில் முடியும். தண்ணீர் கட்டும் சோதனையில் குற்றவாளி தரைதான் என்று தெரிந்திருந்தால் இதைத்தான் முதலில் முயலவேண்டும். குழாய்தான் காரணமென்றால் இதனால் ஒரு பயனும் இல்லை. பழைய துரு இரும்புக் குழாயோ விலகிய பி.வி.சி. இணைப்போ, அதை மாற்றித்தான் ஆகவேண்டும்.

கீழ்வீட்டார் விரும்பும் வழி, கீழேயிருந்து ஊசி போடுவது. கூரை விரிசலை ஒட்டித் துளையிட்டு, சிறு முனைகளைப் பொருத்தி, பம்ப் வைத்துப் பாலியூரிதேனைச் செலுத்துவார்கள். தண்ணீரைத் தொட்டதும் அது நுரைத்து விரிந்து வழியை அடைக்கும். ஒழுகல் அன்றே நிற்பதைப் பார்த்தால் மந்திரம்போல இருக்கும். மேல்வீட்டாரிடம் கெஞ்சவேண்டாம் என்பது இதன் பெரிய கவர்ச்சி. ஆனால் பள்ளத்தில் நிரம்பிய தண்ணீர் அங்கேயேதான் இருக்கிறது. இந்த வாசல் மூடியதும் அது இரண்டடி தள்ளி, சிலநேரம் படுக்கையறைச் சுவரில் ஓதமாக ஏறும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி ஈரத்திலேயே கிடக்கும். மேல்வீடு பூட்டிக் கிடக்கிறது, உரிமையாளர் வெளிநாட்டில், மழைக்காலம் வாசலில் நிற்கிறது என்ற நிலையில் இதைச் செய்யலாம். தீர்வு என்று நினைத்துச் செய்யக் கூடாது. துளையிடுமுன் மின்குழாய் எங்கே போகிறது என்று பார்ப்பது துளையிடுபவரின் உயிருக்கு நல்லது.

ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பதும், வெள்ளையடித்து மறைப்பதும் விற்கப் போகிற வீட்டில் நடக்கும் வேலைகள். வாங்கப் போகிறவர்கள் குளியலறைக்குக் கீழே மட்டும் புதிதாகச் சீலிங் தெரிந்தால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

மிச்சமிருப்பது முழுக்க உடைத்துச் செய்வது. டைல்ஸ், நிரப்பிய செங்கல், மண் எல்லாம் வெளியே போய், பள்ளம் சில நாள் காயவேண்டும். குழாய்கள் தளத்தைத் துளைக்கும் இடங்களைச் சுருங்காத கலவையால் அடைத்து, பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை. தண்ணீர் கட்டிப் பார்த்துக் கீழ்வீட்டில் ஈரமில்லை என்று உறுதியான பிறகே நிரப்பவேண்டும். நிரப்பிய பிறகு டைல்ஸுக்கு அடியில் இன்னொரு பூச்சு. குளிக்கும் இடத்துச் சுவரில் அதை ஆள் உயரத்துக்கு ஏற்றவேண்டும். நல்ல மேஸ்திரியாக இருந்தால், பள்ளத்தின் அடியிலிருந்து வெளிப்புறக் குழாய்ச் சந்துக்கு ஒரு சிறு குழாய் விடுவார். நாளைக்கே மேலே ஏதாவது விலகினாலும் தண்ணீர் அந்தக் குழாய் வழியே வெளியே சொட்டிக் காட்டிக்கொடுக்கும். கீழ்வீட்டுக் கூரைக்கு வராது. சில நூறு ரூபாய் வேலை. இதைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த வழிக்குத் தடை பெரும்பாலும் பணமாக இருப்பதில்லை. ஒரு வாரம் பத்து நாள் அந்தக் குளியலறை இல்லை. வீட்டில் இருப்பது ஒன்றே என்றால், எண்பது வயது மாமனாரை எங்கே அழைத்துப் போவது? மேல்வீட்டு அம்மா “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று தள்ளிக்கொண்டே போவதற்கு இதுதான் காரணம் என்பதைப் புரிந்துகொண்டு பேசினால் பாதி வேலை முடிந்த மாதிரி. எங்கள் வீட்டுக் குளியலறையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று கீழ்வீட்டார் சாவியை நீட்டியதும் சம்மதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வக்கீல் நோட்டீஸால் அவ்வளவு சீக்கிரம் சம்மதம் வந்து நான் பார்த்ததில்லை.

கம்பி தெரிந்துவிட்டால்

கூரைப் பூச்சு உதிர்ந்து, உள்ளே பழுப்பேறிய கம்பி தெரிந்தால் மேலே சொன்ன ஒப்பீடு எல்லாம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். இரும்பு துருப்பிடித்தால் அதன் பருமன் பல மடங்கு பெருகும். கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் தளத்தில் முக்கால் அங்குலம்தான். துரு அதை உள்ளிருந்து நெம்பித் தள்ளிவிடும். கடற்காற்றில் உப்பு சேரும் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இது இன்னும் வேகம். கம்பி தெரியும் இடத்தில் சிமெண்டைக் குழைத்து அப்பி வெள்ளையடிப்பது அபாயம். கட்டமைப்புப் பொறியாளர் வந்து, எவ்வளவு கம்பி மிச்சமிருக்கிறது என்று பார்த்து, துருவைச் சுரண்டி, தேவையான இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, பழுதுநீக்கக் கலவையால் மூடச் சொல்வார். அதுவும் மேலே தண்ணீரை நிறுத்திய பிறகுதான்.

யார் பணம்?

மொட்டை மாடி பொது. கீழ்த்தளத்துக்காரர் “எங்களுக்கு ஒழுகவில்லையே” என்று சொல்வார். எல்லாச் சங்கக் கூட்டத்திலும் ஒருவர் சொல்வார். நிலத்தில் அவருக்குப் பிரிக்கப்படாத பங்கு இருப்பதுபோலக் கூரையிலும் இருக்கிறது. மேல்தளத்துக்காரர் கீழே உள்ள தண்ணீர்த் தொட்டிக்கும் மோட்டாருக்கும் பங்கு தருகிறாரே என்று கேட்டால் பொதுவாக வாதம் அடங்கும். மாடி உரிமையைத் தனியாக ஒருவருக்கு எழுதிக்கொடுத்த பத்திரங்களும் சென்னையில் உண்டு. கூட்டத்துக்கு முன் பத்திரத்தைப் படித்துவிடுங்கள். குளியலறைக்குள் இருக்கும் தரையும் கிளைக்குழாயும் அந்த வீட்டு உரிமையாளர் பொறுப்பு, எல்லா மாடிக்கும் இறங்கும் செங்குத்துக் குழாய் சங்கத்தின் பொறுப்பு என்று பிரித்துக்கொள்வதே நடைமுறை. மேல்வீட்டில் இருப்பவர் வாடகைக்காரர் என்றால் அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. உரிமையாளருக்குப் படங்களையும் பிளம்பரின் மதிப்பீட்டையும் அனுப்புங்கள்.

புதிய உயர்மாடிகளுக்கு உள்ள வேறுபாடு இதுதான். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளை 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்யவேண்டும் என்கிறது. அந்த ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்கள் சொந்தச் செலவில் பூச்சு அடிப்பது தவறு. பில்டருக்கு எழுத்தில் தெரிவிக்காமல் நீங்களே கைவைத்தால், உங்கள் வேலையால்தான் ஒழுகுகிறது என்று அவர் சொல்வதற்கு இடம் கொடுத்தவர்கள் ஆவீர்கள். முதலில் விரைவுத் தபாலில் கடிதம், பிறகு ஒழுங்குமுறை ஆணையம், அதற்குள் வாளி.

பழைய கட்டடங்களுக்கு வேறொரு கணக்கு. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்கு வழிவிடுகிறது. நகரின் மையப் பகுதிகளில் பில்டர்கள் வந்து பேசிக்கொண்டிருக்கும் கட்டடம் என்றால், தட்டோடு முழுவதையும் பெயர்த்துப் போடுவதில் அர்த்தமில்லை. அக்ரிலிக் பூச்சும் எபாக்சிச் சந்தும் போதும். பேச்சு வெறும் பேச்சாகவே வருடக்கணக்கில் இழுக்கிறது என்றால் அந்தக் காரணத்தைச் சொல்லி வேலையைத் தள்ளாதீர்கள். கம்பி பேச்சுவார்த்தை முடியும்வரை காத்திருக்காது.

வேலையை ஒப்படைக்கும்போது மதிப்பீட்டில் பொருளின் பெயர், எத்தனை கை, எத்தனை சதுர அடி, தண்ணீர் கட்டும் சோதனை எந்தக் கட்டத்தில் என்று எழுதி வாங்குங்கள். பூச்சு டப்பாக்கள் சீல் உடைக்காமல் மாடிக்கு வருகின்றனவா என்று யாராவது ஒருவர் நின்று பார்க்கவேண்டும். தண்ணீர் கலந்து இரட்டிப்பாக்குவது இந்தத் தொழிலில் பழகிய கை. முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கடைசித் தவணையில் ஒரு பகுதியை வடகிழக்குப் பருவத்தின் முதல் பெருமழைக்குப் பிறகு தருவதாக ஒப்பந்தத்திலேயே போடுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாத ஒப்பந்தக்காரர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.